பாங்கியில் இருந்த அரிசி

நேற்று மத்தியானம் மகன் வீட்டில் ஒரு படம் போட்டார்கள். பாங்கிக் கொள்ளை. போனவர்கள் ஐந்து பேர், முடிவில் மிஞ்சியவன் ஒருவன், எண்ணிக்கொண்டேதான் பார்த்தேன். துப்பாக்கி, கார், கண்ணாடிச் சில்லு எல்லாம் சரி. படம் முழுக்க ஒருவன்கூட ஒரு வாய் சாப்பிடவில்லை. அங்கேதான் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

எனக்குத் தெரிந்த பாங்கிக் கொள்ளை சோற்றுக்காக நடந்தது. சண்டையில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலம். பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. பட்டணத்துப் பாங்கியை வெள்ளைக்காரன் பூட்டிவிட்டு ஓடியிருந்தான். இரும்புக் கதவு இருக்கிறதே என்று ஜப்பான்காரன் அதில் அரிசி மூட்டைகளை அடுக்கினான். எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு. காலையில் அவித்தது, மாலையில் சுட்டது, வித்தியாசம் அவ்வளவுதான்.

ரப்பர்ப் பால் வெட்டும் வீரனின் மனைவி பொன்னிக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. கிழங்கு தின்ற உடம்பில் பால் ஊறவில்லை. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. வீரன் ஓர் அடைமழையில் பாங்கியின் பின்பக்க ஜன்னல் கம்பியை வளைத்து, ஒரு மூட்டையைத் தூக்கி வந்துவிட்டான். யாரும் பார்க்கவில்லை.

வேறு எவனாவது என்றால் பதுக்கியிருப்பான். எங்கள் ஆள், விடிந்ததும் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைக் கடைசியில் இருந்த முனியாண்டி கோயிலில் பொங்கல் வைத்தான்!

சோறு வேகும் வாசனை. அதை இப்போது எப்படிச் சொல்வது? கிழவர்கள்கூடத் தட்டோடு ஓடினார்கள். நானும் ஓடினேன், உத்தியோகஸ்தன் என்பதால் கொஞ்சம் மெதுவாக.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் தலையில் அடித்துக்கொண்டார். "டேய் வீரா, மூளை இருக்காடா ஒனக்கு? ஒளிச்சு வச்சித் திங்கக் கூடாது?"

"நேந்துகிட்டேன் அண்ணே. சாமிக்குப் படைக்காம எப்படி வாயில வைக்கிறது?"

"சாமி பொறுத்துக்கும்யா," என்றாள் பொன்னி. "ஜப்பான்காரன் பொறுப்பானா?"

பொறுக்கவில்லை. வாசனை சாலை வரை போயிருந்தது. லாரி வந்தது. ஆண்களையெல்லாம் வரிசையில் நிறுத்தினார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் பொங்கல் மணக்கும். எல்லாரையும் ஏற்று என்று சிப்பாய் கை காட்டியபோது, வீரன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். "சாயா, துவான்." நான்தான், ஐயா.

அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை.

மூட்டையில் மிச்சமிருந்த அரிசியைச் சிப்பாய்கள் தேடுவதற்குள் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் மடியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் தங்கள் உலையில் போடவில்லை. முறை வைத்து, ஒரு வீடு ஒரு நாள் என்று, பிடி அரிசியைப் பிள்ளையின் கஞ்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிள்ளை பிழைத்தது.

அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய், இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. லயம் இல்லை. ஒரு வீட்டில் உலை கொதித்தால் அத்தனை வீட்டுக்கும் தெரிந்த மூக்கும் இல்லை. இங்கே மகன் வீட்டில் அடுத்த அறையில் சோறு வெந்தாலும், குக்கர் கத்தினால்தான் எனக்குத் தெரிகிறது.