ரிஜெக்ட் இல்லாத லாட்

போன வாரம் கைப்பை வாங்க ஒரு கடைக்குப் போனேன். விற்பனைப் பெண் மேலே சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்ததும் புதுத் தோல் வாசனை குப்பென்று வந்தது. அந்த வாசனைக்கு மற்றவர்களுக்குச் செருப்போ சோபாவோ ஞாபகம் வரும். எனக்குப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த அந்தக் காலத்தில், ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்றால் அது நான் ஒருத்திதான்.

வேலூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். தோல் அளக்கும் மெஷின் தரும் கணக்கை வாங்கி, எந்த லாட்டில், அதாவது எந்தத் தோல் கட்டில், எத்தனை சதுர அடி என்று சொல்லும் புரோகிராம் எழுத வேண்டும். மெஷினோடு வந்தது எல்லாம் ஜாவா என்கிற இன்னொரு கம்ப்யூட்டர் மொழி. அதனால் ஜாவாவின் முதுகில் ஏறி ஓடும் ஜைத்தான் என்கிற, புரோகிராமைப் படித்து ஓட்டும் வேறொரு இன்டர்பிரெட்டரில்தான் என் பைத்தான் ஓடியாக வேண்டும். ஒவ்வொரு பகுதியும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைக் கருவி வைத்திருந்தேன். சாதாரணப் பைத்தானில் எல்லாச் சோதனையும் பாஸ். ஜைத்தானில் ஃபெயில். அதிலும் ஒரு ஒழுங்கு கிடையாது. காலையில் ஃபெயிலானது டீ குடித்துவிட்டு வந்தால் பாஸாகும், பாஸானது படுத்துவிடும்.

இதற்கு நடுவில் முதலாளி ஒரு சட்டம் போட்டார். அந்தக் கம்பெனியில், தரம் பிரிக்கும் சார்ட்டிங் செக்‌ஷனின் சாக்பீஸ் குறி இல்லாமல் ஒரு தோலும் கேட்டைத் தாண்டாது என்பது ஏற்கெனவே இருந்த வழக்கம்.

"புரோகிராமும் நம்ம சரக்குதானே? கவுஸ் பாய் பாஸ் பண்ணட்டும். சரக்கு வாங்க பையர் வர்றதுக்குள்ள பாஸாகலன்னா கம்ப்யூட்டர் செக்‌ஷனே வேணாம்."

வீட்டிலோ, வேலை போனால் உடனே கட்டிவைக்க ராணிப்பேட்டையில் ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார்கள். நல்ல மனிதர்தான். அவர் மீசையைப் பார்த்தால் எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாது.

கவுஸ் பாய் சார்ட்டிங்கின் தலைவர், பேரணாம்பட்டுக்காரர். உலகத்தில் எதைக் கொடுத்தாலும் தரம் பிரித்துவிடுவார். கேன்டீன் வடைக்கும் அவரிடம் மூன்று கிரேடு உண்டு. என் சோதனை ரிப்போர்ட்டை வாங்கி வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் விரித்தார். தடவினார். மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பாஸ் வரிகளுக்கு ஏ போட்டார், ஃபெயில் வரிகளுக்குப் பெருக்கல் குறி. மறுநாள் ரிப்போர்ட்டில் வேறு வரிகள் ஃபெயில்.

"இன்னாம்மா இது? நேத்து ஏ கிரேடு பீஸு, இன்னிக்கு ரிஜெக்ட்ல கெடக்குது?"

"அதான் பாய், தேடிட்டு இருக்கேன்."

"ஈரம் ஜாஸ்தி. காய வை."

கம்ப்யூட்டரை ஃபேனுக்கு அடியில் நகர்த்திக் காயவைத்தோம். என்னிடமும் வேறு யோசனை இல்லை.

கடைசியில் பிடிபட்டது. சாதாரணப் பைத்தான், சாப்பிட்ட தட்டை உடனே தானே கழுவி வைக்கிற பிள்ளை. ஜைத்தான் பெரிய வீட்டுப் பிள்ளை, யாராவது வந்து எடுக்கட்டும் என்று எச்சில் தட்டோடு எழுந்து போய்விடும். ஒவ்வொரு சோதனையும் ஒரு கோப்பைத் திறந்து எழுதிவிட்டு, பிறகு அதை அழிக்கப் பார்க்கும். கோப்போ மூடப்படாமல் கிடக்கும், விண்டோஸ் அழிக்க விடாது. ஜாவாவுக்குள்ளேயே குப்பை அள்ளவென்று இருக்கும் ஆள் தன் இஷ்டத்துக்கு வந்து அதை மூடிவிட்டால் பாஸ், வராவிட்டால் ஃபெயில். நானே ஒவ்வொரு கோப்பையும் மூடும்படி எழுதினேன். எல்லாம் பாஸ். எத்தனை தடவை ஓட்டினாலும் பாஸ். ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு சார்ட்டிங்குக்கு ஓடினேன்.

கவுஸ் பாய் முன்னும் பின்னும் புரட்டினார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"இது ஆவாது. முள்ளு குத்தாத ஆடு எங்கியாவது கீதா? ஒரு ரிஜெக்ட் கூட இல்லாத லாட்டு நான் பாத்ததே இல்ல. நல்லதா பாத்து யாரோ பொறுக்கி வச்சிருக்காங்க."

"பாய், புரோகிராம்ல எல்லாமே பாஸாகணும். அதான் சரி."

அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். குரல் இறங்கியது. "எல்லாமே ஏ கிரேடுன்னா, அப்புறம் நான் எதுக்கும்மா?"

எனக்கு இருந்த அதே பயம் அவருக்கும் இருந்தது அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. திரும்பி வந்து, ஒன்றும் ஒன்றும் மூன்று என்று ஒரு சோதனை எழுதிச் சேர்த்தேன். எந்த இன்டர்பிரெட்டரில் ஓட்டினாலும் அது ஃபெயில்.

கவுஸ் பாய் அந்த ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடித்துப் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப சரி. நல்ல லாட்டு." பையர் வந்தார், புரோகிராம் ஓடியது, மாப்பிள்ளை வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு என் எல்லா ரிப்போர்ட்டிலும் கவுஸ் பாய்க்கென்று ஒரு ரிஜெக்ட் இருந்தது.

நான் சென்னைக்கு வந்து சில வருடங்கள் கழித்து, என் இடத்தில் இருந்த இன்ஜினியர் போன் செய்தார்.

"மேடம், ஒண்ணும் ஒண்ணும் மூணுன்னு ஒரு டெஸ்ட், எப்பவும் ஃபெயிலாவுது. தூக்கிட்டேன். இப்ப எல்லாம் பாஸ்."

"கவுஸ் பாய் ஒத்துக்கிட்டாரா?"

"யாரு மேடம்?"

"சார்ட்டிங்ல."

"சார்ட்டிங்லாம் இப்ப கேமராதான் பண்ணுது மேடம். அங்க யாரும் இல்ல."

அந்தச் சோதனையைத் திரும்பப் போடுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. யாருக்காக என்று கேட்டிருப்பார்.