கொக்கனைக் காண அண்ணாவுக்குக் கிடைத்த ஒரு மணித்தியாலம்

அண்ணாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே, அழுவதற்குக் கைக்குட்டை எடுத்திருந்தால் தயவுசெய்து மடித்து உள்ளே வையுங்கள். உருக்கமாக எழுது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் எழுத இருந்து பார்த்தேன். அண்ணாவை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

அண்ணா கரவெட்டியில் எங்கள் பெற்றோரின் மூத்த மகனாகப் பிறந்தார். சண்டையிலிருந்து வீட்டுக்கு ஒருவராவது தப்பட்டும் என்று அப்பா அனுப்பிவைக்க, இருபது வயதில் நோர்வேக்கு வந்து சேர்ந்தார். வடக்கே பனிக்குள் ஓர் அகதி முகாம். பாஷையும் தெரியாது, கதைக்க ஆளும் இல்லை. பொது அறையில் ஒரு தொலைக்காட்சியும், யாரோ விட்டுப்போன ஒரேயொரு வீடியோ கசெட்டும் இருந்தன. அது ஸ்கேட்போர்ட் கசெட். அந்தக் குளிர்காலம் முழுவதும் அண்ணா அதைத்தான் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால், அந்த நேரம் இந்த நாட்டில் அந்தப் பலகைக்கே தடை! "எங்கடை நாட்டிலை என்னென்னவோ தடை எண்டு ஓடி வந்தால், இஞ்சை நாலு சில்லுப் பலகைக்குத் தடையாம்" என்று பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கசெட்டில் தண்ணீர் இல்லாத நீச்சல் குளங்களுக்குள் ஏறி இறங்கிப் பறந்த அந்த அமெரிக்கர்களின் பெயர்கள் அண்ணாவின் வாயில் நுழையவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி பட்டம் வைத்துவிட்டார். கால் நீண்ட நெட்டையர் கொக்கன். தலைமயிர் வெளுத்துப் புசுபுசுவென்று இருந்தவர் பஞ்சுத்தலையன். பிறகு அண்ணா ஊரிலிருந்து தங்கச்சி என்னையும் கூப்பிட்டு எடுத்தார். நான் தெற்கே அம்மருட் பகுதியில் அவருடைய ஏழாம் மாடி வீட்டுக்கு வந்த முதல் கிழமையே என்னை இருத்தி அந்தக் கசெட்டைப் போட்டார். "பிள்ளை, இவர்தான் கொக்கன்" என்றார், ஏதோ பெரியப்பாவின் மகனை அறிமுகப்படுத்துவது போல.

காலையில் துப்புரவு வேலை, பின்னேரம் பஸ் ஓட்டம் என்று இரண்டு வேலை செய்து என்னைப் படிப்பித்துக் கட்டிக்கொடுத்தார். தான் கட்டவேயில்லை. வாழ்க்கையில் எதையும் தனக்கென்று கேட்டறியாத அந்த மனிதர், ஸ்கேட்போர்ட் கதை வந்தால் மட்டும் யாருடனும் மல்லுக்கு நிற்பார். இரண்டாயிரம் பிறந்த பிறகு பஸ்ஸில் தொளதொளக் காற்சட்டையோடு பலகை கொண்டு ஏறும் பெடியளை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. "இவங்கள் படிக்கட்டிலை இருந்து குதிக்கிறாங்கள். கொக்கன் பறந்தவன்! குதிக்கிறதும் பறக்கிறதும் ஒண்டோ?" என்பார்.

அப்படி இருக்கையில்தான் ஒருநாள் மூச்சு வாங்க வாங்க என் வீட்டுக்கு வந்து ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினார். பழைய வீரர்கள் நால்வர் ஸ்ட்ரோம்மனில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் வந்து ஓடிக் காட்டப்போகிறார்கள். சனிக்கிழமை பத்தரை மணி. படத்தில் இருந்த நெட்டை மனிதருக்குத் தலையில் மயிர் இல்லை. ஆனால் கால்கள் கொக்கனின் கால்கள்தான்.

நான் நாட்காட்டியைப் பார்த்தேன். அதே சனிக்கிழமை, அதே பத்தரைக்கு, பக்கத்து ஊர் லில்லெஸ்ட்ரோம் மண்டபத்தில், பெரியபிள்ளையான என் மகள் அபிக்குச் சாமத்தியச் சடங்கு. அழைப்பிதழும் கொடுத்தாயிற்று.

"ஒருக்காத்தான் வருகினம் பிள்ளை. அவைக்கும் வயது போட்டுது. இனி வரமாட்டினம்."

"அபிக்கும் ஒருக்காத்தான் அண்ணா! தாய்மாமன் இல்லாமல் ஆர் தேங்காய் உடைக்கிறது? கொக்கனோ?"

என் வாய்க்குப் பூட்டு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணா "ஓம், நிக்கிறன்" என்றுவிட்டு, பிரசுரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அண்ணா பட்டுவேட்டி சால்வையோடு எல்லாருக்கும் முதல் மண்டபத்தில் நின்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண் மட்டும் சுவர் மணிக்கூட்டில் இருந்தது. பத்து இருபதுக்குக் குருக்கள் ஐயா பஞ்சாங்கத்தை விரித்தார். விரித்தவர் தலையில் கைவைத்தார்.

"பிள்ளை, பெரிய பிழை விட்டிட்டன். கோடை நேரத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினதைக் கூட்டேல்லை. இப்ப இராகுகாலம் ஓடுது. பதினொண்டரைக்குத்தான் முடியும்."

ஐயோ, மண்டபம் நிறையச் சனம்! இருந்தும் நான் அண்ணாவைத்தான் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்தார். கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"கார்த் திறப்பை எடுங்கோ அண்ணா!" என்று கத்தினேன்.

மாமி ஒருவர் கதவை மறித்தார். "இராகுகாலத்திலை வெளிக்கிடக் கூடாது மோனை!"

"நல்ல காரியத்துக்குத்தானே மாமி கூடாது? இது விளையாட்டுத்தானே!" என்று அண்ணா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். உள்ளேயிருந்து அபி, "மாமா, கெதியாப் போங்கோ!" என்று கத்தினாள். வேட்டி மடிப்புக்குள் அவர் தேடி எடுத்த திறப்பைப் பறித்துக்கொண்டு காரை நான்தான் ஓட்டினேன். அன்றைக்கு எந்த வேகத்தில் போனேன் என்று இங்கே எழுதமாட்டேன்.

நாங்கள் போய் இறங்கும்போது குளம்போல் வளைந்து இறங்கும் பெரிய மரத் தளத்தின் உச்சியில் கொக்கன் நின்றார். இரண்டு முழங்காலிலும் கட்டு. முதல் தரம் இறங்கி விழுந்தார். சனம் "ஓ" என்றது. அண்ணா வேலியைப் பிடித்துக்கொண்டு, "எழும்படா கொக்கா! எழும்பு!" என்று கரவெட்டிக்கே கேட்கக் கத்தினார். கொக்கன் எழும்பினார். திரும்ப ஏறி, இறங்கி, மறுகரையில் விளிம்பைத் தாண்டி மேலே போனார். ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றார். சத்தியமாக நின்றார்! கசெட்டில் பார்த்த அதே நிற்பு. அண்ணா துள்ளினார், அழுதார், பக்கத்தில் நின்ற தொளதொளக் காற்சட்டைப் பெடியனைக் கட்டிப் பிடித்தார். நானும் பட்டுச்சேலையோடு விசிலடித்தேன்.

முடிந்ததும் கொக்கன் வேட்டிக்காரரைத் தேடி வந்தார். பத்து வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டி நோர்வேஜிய மொழியில் சண்டை பிடித்த அண்ணாவுக்கு எந்தப் பாஷையும் வரவில்லை. கையைப் பலகையாக்கி, கசெட்டின் கடைசியில் வரும் அந்தப் பாய்ச்சலைக் காட்டினார். கொக்கனுக்கு விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டு தன் பலகையை அண்ணாவின் காலடியில் வைத்தார். அண்ணா வேட்டியை மடித்துக் கட்டினார், ஏறினார், ஒரு பத்து மீற்றர் நேராகப் போனார். விழவில்லை!

பதினொன்று இருபத்தெட்டுக்கு மண்டபத்துக்குள் நுழைந்தோம். பதினொன்றரை தாண்டியதும் ஒரே அடியில் தேங்காய் இரண்டாகப் பிளந்தது. அபியின் அல்பத்தில் பாருங்கள், தாய்மாமனின் வேட்டிக் கரையில் ஒரு கறுத்தக் கோடு இருக்கும். அது சில்லுப் பட்ட அடையாளம். கழுவ அவர் கடைசிவரை விடவில்லை.

நோய் வந்து படுத்தபோதும் அண்ணா மனம் தளரவில்லை. வைத்தியசாலையில் அபி பக்கத்தில் இருந்து பழைய கசெட்டைப் போட்டுக் காட்டுவாள். கடைசிக் கிழமை என் கையைப் பிடித்து, "நான் விழேல்லையடி, என்ன?" என்று கேட்டார். "இல்லை அண்ணா, நீங்கள் விழேல்லை" என்றேன்.

அண்ணாவைப் பராமரித்த தாதியருக்கும், மாறி மாறிச் சோறு கொண்டு வந்த அம்மருட் அயலவருக்கும், பஸ் நிலையத் தோழர்களுக்கும், வேலியருகில் ஓர் அந்நியரின் அணைப்பைப் பொறுத்துக்கொண்ட அந்தப் பெடியனுக்கும், கொக்கன் என்ற தன் பெயரை அறியாத அந்தப் பெரிய மனிதருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

குருக்கள் ஐயாவுக்கு மட்டும் நான் நேரில் சொல்லிவிட்டேன். இந்தத் திவசத்துக்கு நேரம் குறித்துத் தந்தபோது, "இந்தமுறை மறக்கேல்லை பிள்ளை, கோடை நேரம் கூட்டிப்போட்டன்" என்றார்.

"ஏன் ஐயா கூட்டினனீங்கள்?" என்றேன். "அண்ணா ஒரு மணித்தியாலம் எங்கையாவது ஓடிப்போட்டு வந்திருப்பாரே."