பூட்ஸை மட்டும் பார்த்த சாட்சி

ஹூஸ்டனில், நாங்கள் மளிகை வாங்கும் ஹில்கிராஃப்ட் கடையில் தரை துடைக்கும் அந்த ரோஹிங்கியாக்காரர் நிமிர்ந்து யாரையும் பார்த்ததில்லை. மெலிந்த உடல், நரைத்த குறுந்தாடி. என் செருப்பைப் பார்த்தே, “வாங்க அங்கிள், தரை ஈரம், பாத்து” என்பார். கேளம்பாக்கத்தில் அகதியாக இருந்தபோது கற்ற தமிழ்.

நான் ஓய்வுபெற்ற வக்கீல் என்று தெரிந்ததும் ஒருநாள் கேட்டார்.

“எங்க ஊரை எரிச்சதுக்கு இன்டர்நேஷனல் கோர்ட்ல கேஸ் நடக்குது. என்னை சாட்சி சொல்லக் கூப்பிடுறாங்க. எடுபடுமா அங்கிள்?”

“எரிச்சவங்க மூஞ்சியப் பாத்தீங்களா?”

“வாய்க்கால்ல படுத்துக் கெடந்தேன். பூட்ஸுதான் தெரிஞ்சுது. மிலிட்டரி பூட்ஸு.”

“மூஞ்சி தெரியலன்னா கோர்ட்ல நிக்காதுப்பா.”

“தலயத் தூக்கிப் பாத்தவங்க யாரும் உசுரோட இல்லயே அங்கிள்.”

அவர் சாட்சி சொல்லப் போகவில்லை.

ராணுவம்தான் வந்தது என்பதற்கு அந்த பூட்ஸே சாட்சியம். அது எனக்குத் தெரியாததல்ல. குறுக்கு விசாரணை செய்தே பழகிய வாய் முந்திக்கொண்டது. தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அவரிடம் ஒப்புக்கொள்ளத் துணிவில்லை. அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளாமலிருக்க, போன வாரம் மகனின் ஷூவை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

துடைப்பதை நிறுத்தாமல், நிமிராமல் கேட்டார்:

“என்ன அங்கிள், இன்னைக்கு ஷூவா?”