கொடி கட்டிய ஆணி

இலஞ்சியில் சாரல் காலம் வந்தால் துணி வெளியே காயாது. வீட்டுக்குள்தான் கொடி கட்டுவோம். போன சாரலில் என் கணவர் கொடியின் ஒரு முனையை அடுப்படி சுவிட்ச் போர்டுக்கு மேலிருந்த ஆணியில் கட்டினார். இரண்டொரு நாளில், அடுப்படி லைட்டைப் போட்டாலே, கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் டிரிப்பர் விழுந்து வீடே இருண்டது. பல்பை மாற்றியும் பயனில்லை.

"டிரிப்பர் கெட்டுப்போச்சு. அதை விட்டுட்டு டைரக்டா குடுத்துருதேன்" என்றார்.

"எலக்ட்ரீசியனக் கூப்பிடுங்க" என்றேன்.

"ஏட்டி, இந்த மழையில எவன் வருவான்?"

டைரக்டாகக் கொடுத்ததும் லைட் எரிந்தது. "பாத்தியா?" என்று சிரித்தார்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்ட என் கணவரின் தங்கை செல்வியைக் கரண்ட் தூக்கி வீசியது. தென்காசி ஆஸ்பத்திரியில் உயிர் தப்பினாள். வலது கை விரல்கள் மட்டும் இன்னும் மடங்கவில்லை. எலக்ட்ரீசியன் வந்து போர்டைக் கழற்றியபோது, ஈரத்துணியிலிருந்து ஆணி வழியாக இறங்கிய தண்ணீர் உள்ளே தேங்கி நின்றது. டிரிப்பரில் ஒரு கோளாறும் இல்லை.

இப்போது கொடி வராந்தாவில். டிரிப்பர் விழுந்தால் யாரும் தூக்கிவிடுவதில்லை. எலக்ட்ரீசியன் வரும்வரை இருட்டிலேயே இருக்கிறோம். அவர் வந்து வேலை பார்க்கும்போது செல்விதான் டார்ச் பிடிக்கிறாள், இடது கையால். என் கணவர் அந்தப் பக்கமே வருவதில்லை.