சட்டைப்பையில் ஒரு மவுத்பீஸ்

"மேல்வரிசையில் ஆறு பற்கள் புதிதாகப் பொருத்தப்பட்டன. உண்ணவும் பேசவும் தடையில்லை. பூரண நலம்" என்கிறது பல் மருத்துவமனையின் சான்று. டிராம்போன் ஊதுவது உண்பதிலும் சேராது, பேசுவதிலும் சேராது. ஆகவே பூரண நலத்தோடு அவர் பேருந்தில் சட்டைப்பைக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருக்கிறார். உள்ளங்கையில் மவுத்பீஸ்: வாத்தியத்தின் முனையில் செருகி, உதட்டில் வைத்து ஊதும் சின்னப் பித்தளைக் கிண்ணம். ஊதுமுன் அதைக் கைக்குள் சூடாக்கிக்கொள்வது பழைய வழக்கம். மேடையில் ஊதி இரண்டு வருடமாகிறது. கைக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"அடைகாக்கறீங்களா? குஞ்சு பொரிச்சதும் சொல்லுங்க, கூடை வாங்கி வைக்கறேன்" என்பார் மனைவி.

சர்க்கஸில் யானை நடப்பதற்கு ஊதியிருக்கிறார். கப்பலில் ஊதும்போது, அலை தூக்கியடித்ததில் ஸ்லைடு, அதாவது டிராம்போனின் முன்னும் பின்னும் இழுக்கும் குழாய், நீண்டு, முன்னால் இருந்த பெரியவரின் தொப்பியைத் தட்டிவிட்டதாம். "அவர் எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சுட்டார்." விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டார். பேர் வாங்கித் தந்தது ஒரு பற்பசை விளம்பரம். "ஊரே என் மெட்டைப் பாடிக்கிட்டுப் பல் தேய்ச்சுது. நான்தான் ஒழுங்கா தேய்க்கல." ஜாஸ் ஒருநாளும் அவருக்குச் சோறு போட்டதில்லை. அதை மட்டும்தான் அவர் விடவில்லை.

குளியலறையில் இப்போதும் ஊதிப் பார்க்கிறார். கீழ்ச்சுரங்கள் வருகின்றன, மேலே போனால் வெறும் காற்று. இதற்கிடையில் தன் பழைய ஜாஸ் குழுவுக்காக ஒரு புதிய உருப்படி எழுதினார். அதன் நடுவில் டிராம்போன் தனியாக ஏறி, அவர் வாய்க்கு இனி எட்டாத உயரத்தில், ஒரே சுரத்தில் நிற்கவேண்டும். குழுவில் அவருடைய நாற்காலியில் இப்போது இருப்பவர் மனைவியின் அண்ணன்.

"அந்த இடத்தைக் கொஞ்சம் கீழ இறக்கிடு மாப்ள. நீயே ஊதலாம். நான் எந்திரிச்சுக்கறேன்."

மனைவியும் அதையே சொன்னார். "இறக்கினா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியறது இருக்கட்டும். உங்களை மேடையில பாத்து எவ்வளவு நாளாச்சு."

ஒரு வாரம் பென்சிலும் ரப்பருமாகச் சமையலறை மேசையே கதியென்று கிடந்தார். குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் நான் ஒத்திகையன்று தாளைப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் அழித்து அழித்து மெலிந்துபோயிருந்தது. அதன்மேல் சுரம் பழைய உயரத்திலேயே இருந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து மவுத்பீஸை எடுத்து மனைவியின் அண்ணனிடம் நீட்டினார். "மச்சான், இதைப் போட்டுக்க. சூடா இருக்கு."

"உன் அளவு எனக்குச் சேராதுடா."

"சேரும். ஊது."

மச்சான் மாட்டிக்கொண்டு ஊதினார். சுரம் ஏறி, உச்சியில் போய் நின்றது. மவுத்பீஸைக் கொடுத்தவர் அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அது முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.