‘அடக்கமானவள்’ என்று எழுதாதீர்கள்

என் அண்ணன் மகளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘வக்கீல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவளுக்குச் சட்டம் படிக்கும் ஆசை துளியும் இல்லை. அவளுக்கு வேண்டியது உலோகவியல். இரும்பு ஏன் உடைகிறது, எப்போது உடையும், விரிசல் எந்த மூலையிலிருந்து கிளம்பும் என்பதையெல்லாம் ஒரு கல்லூரியில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். காலம் முழுக்க ஒட்டவைத்தே பிழைத்தவருக்கு, உடைவதைப் படிக்கத் துடிக்கும் மகள்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது அவள் பள்ளி இறுதியாண்டில் இருந்தாள். வீட்டிலிருந்த ஒரே மேசை கல்லூரி விண்ணப்பத்துக்கென்று பறிமுதல் ஆகியிருந்தது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். அண்ணி ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். பகலெல்லாம் மற்றவர்களிடம் "வாயைத் திறங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மகளிடம் "வாயை மூடு" என்பார்.

மதிப்பெண் பட்டியல், கட்டுரை எல்லாம் தயார். பாக்கி இருந்தது ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம் மட்டும்தான். அதை ஆசிரியரே கல்லூரியின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பது முறை. ஆனால் அவளுடைய பிசிக்ஸ் சாருக்கும் கணினிக்கும் ஏழாம் பொருத்தம். "நீயே ஏத்திடும்மா, இந்த பாஸ்வேர்டெல்லாம் எனக்குச் சரிப்படாது" என்று கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். கையில் கொடுத்தால் அவள் படிக்காமல் இருப்பாளா?

"அத்தை, இங்க வா. இந்தப் பொண்ணு யாருன்னு சொல்லு" என்று சத்தமாகப் படித்தாள். "இவர் அடக்கமான, அமைதியான, பெரியோர் சொல் தட்டாத மாணவி."

அண்ணி அடுப்படியிலிருந்தே சிரித்துவிட்டார்.

"சிரிக்காதம்மா. அடக்கம்னா செத்தவங்களைத்தானே பண்ணுவாங்க? நான் உயிரோடதானே இருக்கேன்?"

"நல்ல வார்த்தைதானேடி" என்றார் அண்ணன். "நாலு பேர் படிச்சா மரியாதையா இருக்கும்னு எழுதியிருக்கார்."

"நாலு பேர் படிக்க மாட்டாங்கப்பா. இரும்பை உடைச்சுப் பார்க்கிறவங்க படிப்பாங்க. அவங்களுக்கு அமைதியான பொண்ணு எதுக்கு? அதுவுமில்லாம, எங்க வகுப்புல எல்லாப் பொண்ணுங்களுக்கும் இதே வரிதான். பசங்களுக்கு மட்டும் ‘துடிப்பானவர், துணிந்து கேள்வி கேட்பவர்’. கேள்வி கேட்டது நான். வெளியில நின்னது நான். துணிச்சல் அவனுங்களுக்கா?"

"வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஏத்திட்டு மறுவேலை பாரு" என்றார் அண்ணி.

"ஏத்த மாட்டேன்."

மறுநாள் பள்ளிக்குப் புறப்படும்போது என்னையும் இழுத்துக்கொண்டாள். "சும்மா துணைக்கு வா அத்தை. நான் ரொம்பப் பேசினா முழங்கையைப் பிடி."

சார் ஆய்வகத்தில் கம்பிச்சுருள்களை எண்ணி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் மை கசிந்த கறை. அவள் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிப்போனது.

"அடக்கம்னு எழுதினது ஒரு குத்தமா? என் பொண்ணுக்கே நான் அப்படித்தான் எழுதினேன்."

"என்னை எத்தனை தடவை வகுப்புக்கு வெளியில நிக்க வெச்சிருப்பீங்க சார்?"

"அதையெல்லாம் யார் கணக்கு வெச்சா?"

"அடக்கமான பொண்ணைப் போயி அத்தனை தடவை வெளியில நிக்க வெச்சீங்களா? அநியாயம் இல்லையா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் முழங்கையைப் பிடிக்கவில்லை.

"சரி தாயே, என்னதான் எழுதணும்ங்கற?"

"நடந்ததை எழுதுங்க. மேடைக் கைப்பிடியை எழுதுங்க."

அந்தக் கதை எனக்கு முன்பே தெரியும். பள்ளிக் கலையரங்கில் மேடைப் படியோரத்துக் கைப்பிடி ஒருநாள் ஒடிந்து விழுந்தது. அதில் சாய்ந்து நின்ற பையன் பள்ளி அணியின் கோல்கீப்பர், ஆள் கொஞ்சம் பெரிய உடம்பு. அவன் ஏறிக் குதித்ததால்தான் ஒடிந்தது என்று முடிவு கட்டி, தலைமையாசிரியை அவனை இடைநீக்கம் செய்யப் போனார். வக்கீல் ஒடிந்த குழாயைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கே போய்விட்டாள். குழாய் உடைந்த பரப்பில் பாதி துருப்பிடித்திருந்தது, மீதி பளபளவென்று இருந்தது. துருப்பிடித்த பாதி எப்போதோ விட்டுப்போனது, பளபளக்கிற பாதிதான் இன்று உடைந்தது, இவன் சாயாவிட்டாலும் இன்னொருவர் சாயும்போது விழுந்திருக்கும் என்று வாதாடினாள். பற்றவைத்த உலோகம் மேலாக ஒட்டியிருக்கிறதே தவிர உள்ளே இறங்கவில்லை, வெல்டிங்கே சரியில்லை என்றாள்.

"அதைப் பத்தவெச்சது யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டாராம் தலைமையாசிரியை.

"தெரியும் மேடம். எங்க அப்பா."

பையன் தப்பித்தான். குரலை உயர்த்திப் பேசியதற்காக அவள் அன்று முழுவதும் வராந்தாவில் நின்றாள். அண்ணன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

சார் கம்பிச்சுருளைக் கையில் உருட்டியபடி இருந்தார். "நானும் அன்னிக்கு அந்த ரூம்லதான் இருந்தேன். வாயே திறக்கல" என்றார். பிறகு, "எழுதறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அதை எழுதினா உங்க அப்பா வேலையையும் எழுதணும். அது உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டார்.

அவள் பேச்சு நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

"கேட்டுட்டு வரேன் சார்" என்றாள்.

நேராகப் பட்டறைக்குப் போனோம். அண்ணன் ஒரு இரும்புக் கதவைத் தரையில் கிடத்தி மூலையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவள் தீப்பொறி படாத தூரத்தில் நின்று சொல்லி முடித்தாள். அவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஊர் பூரா தெரிஞ்சது போதாதா? காலேஜுக்கும் தெரியணுமா?"

"வேணாம்னா வேற எதையாவது எழுதச் சொல்றேன்பா. ஆனா அடக்கம்னு போட்டு அனுப்ப மாட்டேன். அப்படி ஒரு பொண்ணு இருந்தா அவ தனியா அப்ளை பண்ணிக்கட்டும், நான் குறுக்க வரல."

"உன் வாய்க்கு ஒரு பூட்டு செய்யலாம்னா அதையும் நான்தான் செய்யணும்" என்று முனகி, முகமூடியை இறக்கிக்கொண்டார். அந்த மூலையை முடிக்கும் வரை எங்கள் பக்கம் திரும்பவில்லை. சுத்தியலால் கசடைத் தட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"எழுதச் சொல்லு. அவசரத்துல பத்தவெச்சேன், தப்புதான். ஆனா திரும்பிப் போயி, காசு வாங்காம, ஒழுங்கா பத்தவெச்சதும் நான்தான்னு எழுதச் சொல்லு. இப்ப யானை வந்து சாஞ்சாலும் அசையாது. அதையும் எழுதணும்."

"யானையையுமா?"

"போடி."

வெள்ளிக்கிழமை மதியம் சார் இரண்டு உறைகளைக் கொடுத்தார். ஒன்று பழையது, ஒன்று புதியது. "எது வேணுமோ அதை ஏத்து. புதுசைப் பார்த்துட்டு சீட் தர மாட்டேன்னாங்கன்னா என்னைத் திட்டக் கூடாது."

புதியது இப்படித் தொடங்கியது: "இம்மாணவி அடக்கமானவர் அல்ல. என் வகுப்பில் பலமுறை வாதிட்டிருக்கிறார். அவற்றில் பாதியில் அவர் சொன்னது தவறு. மீதிப் பாதிக்காக நான் என் பாடக்குறிப்புகளைத் திருத்த வேண்டியிருந்தது." அதன் பிறகு கைப்பிடிக் கதை முழுவதும். அண்ணன் சொன்ன திருத்தமும் இருந்தது, யானை மட்டும் இல்லை.

அண்ணி படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "இது சிபாரிசா, போலீஸ் புகாரா? பழசையே போடுடி, கெஞ்சிக் கேக்கறேன். சீட் வாங்கிட்டு உள்ள போயி உன் இஷ்டத்துக்கு வாதாடு."

"உள்ள போனதும் ‘உங்களை அமைதின்னு சொன்னாங்களே’ன்னு கேப்பாங்க. நாலு வருஷம் நான் நடிக்கணுமா?"

புதியதை ஏற்றினாள். பழையதை உறையோடு அண்ணியிடம் கொடுத்துவிட்டாள்.

கல்லூரியிலிருந்து பதில் வந்தது. வருந்துகிறோம் என்று ஒரு வரி, வாழ்த்துகிறோம் என்று இன்னொரு வரி. காரணம் ஒன்றும் இல்லை. ‘அப்போதே சொன்னேன்’ என்று அண்ணி சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வக்கீல் குளியலறைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. மேசையில் உட்கார்ந்து இரண்டாவது கல்லூரியின் விண்ணப்பத்தைத் திறந்தாள்.

செய்தி கேட்டு சார் பட்டறைக்கே வந்துவிட்டார். அவளும் அங்கேதான் இருந்தாள். அண்ணன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், அவர் உட்காரவில்லை.

"என்னாலதான்மா ஆச்சு. மீதிப் பாதி, தவறு அது இதுன்னு எழுதியிருக்கக் கூடாது. கொஞ்சம் மாத்தி எழுதித் தரேன். அடக்கம்னு போடல. ‘தன் கருத்தைப் பணிவோடு எடுத்துரைப்பவர்’னு..."

"பணிவும் வேணாம் சார்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியும் சார். நீங்க எழுதினதுல பொய் ஒண்ணாவது இருக்கா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"அப்போ ஒரு எழுத்துகூட மாறக் கூடாது."

சார் அண்ணனைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்களேன் என்பதுபோல. அண்ணன் கையுறையைக் கழற்றினார். "எனக்கே என் தப்பைச் சொன்னவ சார் அவ. உங்க பேச்சையும் என் பேச்சையும் கேட்டு மாறுறவளா இருந்தா, அந்த கோல்கீப்பர் பையன் படிப்பு அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

சார் அப்புறம்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கண் முன்னாலேயே அவள் செல்போனில் அதே கடிதத்தை ஏற்றி அனுப்பினாள்.

இரண்டாவது கல்லூரி அவளை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. சீட் தருவார்களா, மாட்டார்களா, எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. மூன்றாவது கல்லூரியின் விண்ணப்பம் மேசை மேல் திறந்தே இருக்கிறது. நாங்கள் இன்னும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.