தனகோட்டி அண்ணன் வெளியே தள்ளிய சக்கரம்

மார்க்கெட்டில் கொத்தவரங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பூக்காரம்மா என் தோளைத் தட்டி, "உன்னைக் கண்ணாலத்துக்கு ஏத்திக்கினு போனாரே, டாக்சி தனகோட்டி, காலையில போயிட்டாராம்மா" என்றாள். கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பெரிய காஞ்சிபுரத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் அவர் வீட்டு வாசலில்தான் நின்றார்கள். அழுதுகொண்டே ஆளுக்கொரு கதை சொல்லிச் சிரித்தோம். அந்த மனிதருக்கு வேறு எப்படி அஞ்சலி செலுத்துவது? என் பங்குக்கு என் கதையை எழுதுகிறேன்.

எழுபதுகளில் எங்கள் ஊர் முகூர்த்தங்களுக்கு அவருடைய கறுப்பு டாக்சிதான் வண்டி. தேர்த் திருவிழா வந்தால் டாக்சியை ஓரங்கட்டிவிட்டு முட்டுக்கட்டை போடப் போய்விடுவார். அசைந்து வரும் தேரின் சக்கரத்தடியில் கட்டையைச் செருகித் திருப்பிவிட்டு, சட்டென்று விலகி நின்று சிரிப்பார். பார்க்கிற நமக்குத்தான் உயிர் போய் உயிர் வரும்.

அந்தத் தேர்தான் அவர் மண்டையில் ஒரு யோசனையை ஏற்றியது. கல்யாண மூட்டைகளை மேலே கட்டினால் டாக்சி வளைவுகளில் ஆடும். "தேரு எம்மாம் உசரம்! ஏன் சாயல? கீழ அகலமா நிக்குதுப்பா!" என்று ஸ்டாண்டில் முழங்கினார். மெட்ராஸில் யாரோ காருக்குச் சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் வளையம் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, லேத் பட்டறையில் விரல் தடிமனுக்கு இரண்டு இரும்பு வளையம் கடைந்து வாங்கினார். பின்சக்கரங்களைக் கழற்றி, உள்ளே பக்கத்துக்கொரு வளையத்தை வைத்து மறுபடி மாட்டினார். சக்கரங்கள் வெளியே தள்ளி நின்றன. வண்டிக்கே மிடுக்கு வந்துவிட்டது. ஊரே சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

அந்த அழகோடு முதலில் ஏறியது நான்தான், கல்யாணப் பெண்ணாக. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை ஊர். முகூர்த்தம் அங்கே. செவிலிமேடு தாண்டி, ஆற்றையும் கடந்த பிறகு சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். தனகோட்டி அண்ணன் பேச்சை நிறுத்தினார். பிறகு வண்டியையும் நிறுத்தினார். இறங்கிப் பின்சக்கரத்து நட்டைத் தொட்டார். விரலாலேயே சுற்றியது!

"முகூர்த்தம் போயிடும்பா. மெதுவா உருட்டிக்கினு போயிடு" என்று அப்பா கெஞ்சினார்.

"மெதுவா போனாலும் கழலும்ணா. உள்ள பொண்ணு உக்காந்துக்கினு இருக்குது. நான் எடுக்க மாட்டேன்."

ஜாக்கியைத் தேடினால், டிக்கியில் சீர்ப் பாத்திரங்கள்தான் இருந்தன. இடம் போதாதென்று என் அத்தை ஜாக்கியை வீட்டிலேயே இறக்கி வைத்திருந்தாள். தாமதமாகப் போனால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியாதா? தனகோட்டி அண்ணனோ வரப்பில் நின்றவர்களை எல்லாம் கூப்பிட்டார். தேரிழுக்கும்போது போடும் அதே கூச்சல். நாற்று நட்ட கையோடு ஓடி வந்தவர்கள் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, அப்பா கருங்கல்லை முட்டுக்கொடுத்தார். அண்ணன் இரண்டு வளையங்களையும் கழற்றி எறிந்துவிட்டு, சக்கரங்களைப் பழையபடி மாட்டி, நட்டு ஒவ்வொன்றையும் முறுக்கினார். எல்லோரும் ஓ என்று கத்தினோம். நானும்தான், மாலையும் கழுத்துமாக!

முகூர்த்தத்தின் கடைசியில் போய்ச் சேர்ந்தோம். தாலி ஏறியது. ஏறிய கையோடு மாப்பிள்ளையின் அத்தை, எல்லோருக்கும் கேட்கும்படி, "வரும்போதே சக்கரம் கழலுதே, இவ ராசி இன்னா ராசியோ" என்றாள். என் தலை குனிந்துவிட்டது. அந்த ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் போகாது.

கிரீஸ் கையோடு தனகோட்டி அண்ணன் மணவறை முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, அது ராசி இல்ல. என் மடத்தனம். வளையம் வெச்சேன், போல்ட்டு பழைய நீளம். நட்டுக்குப் பிடிக்க போல்ட்டு நுனியில ரெண்டு சுத்து மரைதான் கெடைச்சுது. வளையத்து நடுத்துளையும் சரியா உக்காரல. அதான் ஆடி ஆடிக் கழண்டுது. தேருக்கு அச்சே நீளம்மா. நான் அச்சை உட்டுட்டுச் சக்கரத்தை மட்டும் வெளிய தள்ளிட்டேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க, பொண்ணைச் சொல்லாதீங்க!"

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. பிறகு என் மாமியார், "சரிப்பா, கையைக் கழுவிக்கினு சாப்புட உக்காரு" என்றார்.

தனகோட்டி அண்ணன் அதோடு விட்டாரா? ஸ்டாண்டில் ஒவ்வொரு டிரைவரிடமும் தன் கதையைத் தானே சொல்லித் தானே சிரித்தார். "நீளமான போல்ட்டு, அந்த வண்டிக்குன்னே கச்சிதமா கடைஞ்ச வளையம், அப்பப்போ நட்டு முறுக்கிப் பாக்கற புத்தி, மூணும் இருந்தா போடு. இல்லன்னா சக்கரம் இருக்கற எடத்துலயே இருக்கட்டும்" என்பார். அவர் பேச்சைக் கேட்டு வளையத்தைக் கழற்றியவர்கள் உண்டு.

அண்ணா, உங்களிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். என் மருமகள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்று விளக்கெல்லாம் அணைந்துபோனது. இருட்டில் யாரோ, "வந்ததும் வராததுமா..." என்று ஆரம்பித்தார்கள். "போனது என் வூட்டு ஃப்யூஸு! பொண்ணை இன்னாத்துக்கு இழுக்கறீங்க?" என்று நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்தில் நின்ற அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.